வீட்டுக் கணினியும் வெகுசன இசையும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

இசை பற்றி எழுதுவோர் அதன் வடிவம், நுட்பம், சுவை ஆகியன குறித்து விரிவாகப் பேசுவர். அவ்விசை எக்கருவியில், எவரது உழைப்பினால், எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ் ஆக்கப்பட்டது என்ற வினாவை அவர்கள் எழுப்புவது அரிது. இவ்வினாவைப் புறக்கணிப்பதன் விளைவாக, இசை சமூகத்திற்கு அப்பாற்பட்ட தூய கலை என்னும் மயக்கம் நீடிக்கின்றது. இம்மயக்கத்தைக் களைவதற்கு மிகப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டாக, 1980களில் மேலைநாட்டு வீடுகளுக்குள் புகுந்த மலிவுக் கணினிகளும் அவற்றில் பிறந்த இசையும் அமைகின்றன. கொமடோர் 64, சின்கிளயர் ஸ்பெக்ட்ரம், அற்றாரி எஸ்.ரி., அமிகா முதலிய அக்கணினிகள் இன்று வழக்கொழிந்தவை. அரும்பொருட் சேகரிப்பாளரின் கவனத்துக்கு உரியவை. எனினும் அவற்றின் ஒலி வழக்கொழியவில்லை. நடனமண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் தரப்பட்டியலில் இடம்பெறும் பாடல்களிலும் அவ்வொலி இன்றுவரை கேட்கின்றது.

இவ்விசை பற்றி எழுதப்பட்டவற்றில் இரு நோக்குகள் மேலோங்கி நிற்கின்றன. புதிய பொறி தோன்றியது, ஆகவே புதிய இசை பிறந்தது என்பது ஒன்று. பொறியின் குறைபாடுகளே கலைஞரின் படைப்பாற்றலைத் தூண்டின, வறுமையே அழகாயிற்று என்பது மற்றொன்று. முன்னையது தொழில்நுட்ப நிர்ணயவாதம். பின்னையது பழமையேக்கத்தின் அழகியல். இரண்டிலும் சிறிதளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் பொறிக்கும் இசைக்கும் இடையே நிற்கும் மனிதரையும் அவர்தம் சமூக உறவுகளையும் மறைத்துவிடுகின்றன. தொலைக்காட்சி பற்றி 1974இல் வெளியிட்ட நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் தொழில்நுட்ப நிர்ணயவாதத்தை மறுத்துரைத்தார். அம்மறுப்பை வீட்டுக் கணினியின் இசைக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் பொறியின் பிறப்பை நோக்குவோம். கொமடோர் 64, 1982இல் ஐக்கிய அமெரிக்காவில் 595 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அதனை உற்பத்தி செய்த நிறுவனத்தின் தலைவர் ஜக் ட்ராமியெல், போலந்தின் லோட்ஸ் நகரிற் பிறந்து அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பியவர். கணினிகளை உயர்வர்க்கங்களுக்காக அன்றி வெகுசனங்களுக்காகச் செய்கின்றோம் என்பது அவர் பெயரால் வழங்கும் வாசகம். வாசகம் கவர்ச்சியானதே. ஆனால் வெகுசனங்களுக்கு எனும் அச்சொற்றொடரின் பொருள் யாது? கொமடோர் நிறுவனம் 1976இல் எம்.ஓ.எஸ். ரெக்னொலொஜி எனும் சிப் உற்பத்தி நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தது. போட்டியாளர் வெளியிலிருந்து வாங்கவேண்டிய பாகங்களை அது தானே செய்துகொண்டது. இதன் பலத்தால் விலைப்போரைத் தொடங்கியது. ஓராண்டு கழிவதற்குள் கணினியின் விலை ஏறத்தாழ 200 டொலருக்கு இறங்கிற்று. போட்டியைத் தாங்கமாட்டாது ரெக்ஸஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனம் 1983இல் வீட்டுக் கணினிச் சந்தையைவிட்டே நீங்கியது. ஆகவே வெகுசனங்களை அடைந்தமை என்பது மூலதனத்தின் செறிவாக்கத்தினதும் போட்டியினதும் விளைவு, கொடையன்று. கொமடோர் 64இன் மொத்த விற்பனை 1 கோடி 25 இலட்சத்துக்கும் 1 கோடி 70 இலட்சத்துக்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுகின்றது.

இக்கணினியின் ஒலிக்குக் காரணமானது ‘சிட்’ எனப்படும் 6581 ஒலிச் சிப் ஆகும். அதனை வடிவமைத்த றொபேட் யனெஸ் இசைக்கருவிகளில் ஈடுபாடு கொண்ட இளம் பொறியியலாளர். மூன்று குரல்கள், ஒவ்வொரு குரலுக்கும் தெரிந்துகொள்ளத்தக்க நான்கு அலைவடிவங்கள், ஒலியின் எழுச்சியையும் தேய்வையும் நிர்ணயிக்கும் அமைப்பு, வடிகட்டி ஆகியன அதில் அடங்கின. விளையாட்டுப் பொறியொன்றின் கிறீச்சொலிக்குத் தேவையானதைக் காட்டிலும் இவை மிக அதிகம். யனெஸ் இன்னும் பல குரல்களை விரும்பினார். காலம் போதாமையால் ஒரே சுற்றமைப்பை மும்முறை இட்டு நிறைவு செய்ததாகப் பின்னர் கூறியுள்ளார். இக்கூற்று மனங்கொள்ளத்தக்கது. கொமடோர் இசையின் இலக்கணமாக இன்று போற்றப்படும் மூன்று குரல் எல்லையைத் தோற்றுவித்தது அழகியல் நியதியன்று, நிறுவனத்தின் காலக்கெடு. யனெசும் அவரது சகாக்கள் சிலரும் விரைவிலேயே அந்நிறுவனத்தை நீங்கி, என்சொனிக் எனும் இசைக்கருவி நிறுவனத்தை நிறுவினர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

பிரித்தானியாவில் நிலைமை வேறு வகையில் வெளிப்பட்டது. சின்கிளயர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் 1982இல் 125 பவுணுக்கும், நினைவகம் கூடியது 175 பவுணுக்கும் விற்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நாட்டில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்திருந்தது. பி.பி.சி. கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. கைத்தொழிற்சாலைகள் மூடப்பட்ட வேளையில், எதிர்காலம் விசைப்பலகையில் உண்டென இளைஞருக்கு உபதேசிக்கப்பட்டது. அந்த விசைப்பலகைகளைப் பொருத்தியவர் யார்? ஸ்பெக்ட்ரம் கணினிகள் ஸ்கொற்லாந்தின் டண்டி நகரிலுள்ள ரைமெக்ஸ் தொழிற்சாலையில் உற்பத்தியாயின. அங்கு வேலை செய்தோரில் பெரும்பாலோர் பெண்கள். 1993இல் நீண்ட தொழிற்பிணக்கின் பின்னர் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டுக் கணினியின் வரலாறுகள் அதனை வடிவமைத்தோரின் பெயரைச் சொல்கின்றன. விளையாட்டை ஆக்கிய இளைஞரின் பெயரையும் சொல்கின்றன. பாகங்களைப் பொருத்திய பெண்களின் கைகள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

3

இனி, இசையாக்கம் எனும் உழைப்பை நோக்குவோம். கொமடோர் 64இல் மின்சாரத்தைச் செலுத்தியதும் திரையில் தோன்றுவது, பயன்படுத்துவோரின் கட்டளையை எதிர்பார்த்து நிற்கும் பேசிக் மொழியின் வெற்றிடமாகும். வாங்கியவர் எதையேனும் எழுதினாலன்றிப் பொறி எதுவும் செய்யாது. அவ்வகையில் அது நுகர்பொருளாக விற்கப்பட்ட ஓர் உற்பத்திக் கருவி. இம்முரண்பாடே எமது ஆய்வின் மையம். எனினும் அக்கருவி எளிதில் வசப்படவில்லை. அதன் பேசிக் மொழியில் ஒலியை ஆளும் கட்டளை ஒன்றேனும் இல்லை. சிப்பின் ஒவ்வொரு பகுதிக்குமுரிய நினைவக இடத்தில் எண்களை நேரடியாக இடவேண்டியிருந்தது. தேர்ந்த இசையமைப்பாளர் அதனையும் விடுத்து, பொறிமொழியிலேயே தமக்கான இசைப்பு நிரல்களை எழுதினர்.

பிரித்தானியாவின் றொப் ஹபார்ட், மார்ட்டின் கோல்வே, பென் டக்ளிஷ், ஜேர்மனியின் கிறிஸ் ஹுல்ஸ்பெக் ஆகியோர் இவ்வாறு தோன்றியவர்கள். இவர்களது கலைநுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று குரல்களில் ஒன்று தாளத்துக்கும் ஒன்று அடித்தளச் சுரத்துக்கும் போய்விட்டால் எஞ்சுவது ஒன்றே. அவ்வொன்றினால் மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தல் இயலாது. ஆகவே மூன்று சுரங்களையும் செக்கனுக்கு ஐம்பது முறை எனும் வேகத்தில் மாறிமாறி ஒலிக்கச் செய்தனர். செவி அதனை ஒரு கூட்டொலியாக, ஆனால் துடிப்பும் நடுக்கமும் கொண்ட கூட்டொலியாக ஏற்றது. அவ்வேகத்தை நிர்ணயித்தது ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை ஒரு செக்கனில் புதுப்பிக்கப்படும் தடவைகளின் எண்ணிக்கையே. இவ்வாறே, ஒலியளவை மாற்றும்போது சிப்பில் எழுந்த ஒரு தேவையற்ற சொடுக்கொலியை இவர்கள் கண்டறிந்து, அதனைக் கொண்டே பதிவுசெய்த மேளத்தையும் மனிதக் குரலையும் ஒலிக்கச் செய்தனர். நிறுவனம் பின்னர் சிப்பைத் திருத்தியமைத்தபோது, குறை நீங்கியது. அதனோடு அவ்வோசையும் பெரிதும் மங்கிப்போயிற்று. உற்பத்தியாளருக்குப் பழுதாகத் தோன்றியது உழைப்பாளியின் கையில் கருவியாயிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நுட்பங்களைத் தனிமனித மேதைமையாக விளக்குவோர் உளர். எமது கருத்து வேறு. ஒருவர் எழுதிய இசைப்பு நிரலை மற்றவர் பிரித்துப் படித்தனர்; கற்றனர்; திருத்தினர். ஹுல்ஸ்பெக்கின் ‘சவுண்ட்மொனிற்றர்’ எனும் இசையாக்க நிரல், 1986இல் ஜேர்மன் கணினிச் சஞ்சிகையொன்றில் அச்சிட்ட எண்வரிசையாக வெளிவந்தது. வாசகர் அதனை ஓரெழுத்தும் பிசகாது தட்டெழுதிப் பொறியுள் ஏற்றினர். இங்கு எமது ஆய்வுலகிற்குப் பரிச்சயமான ஒரு கருத்தை நினைவுகூரலாம். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி, 1968இல் வெளியான தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலில், பாணர் மரபில் வாய்பாட்டுத் தொடர்கள் பொதுச்சொத்தாக இயங்கியமையை எடுத்துக்காட்டினார். பொதுவான வாய்பாடுகளிலிருந்து ஒவ்வொரு பாடலும் புதிதாகப் பிறக்கும் அம்முறைக்கும், பொதுவான நிரற்கூறுகளிலிருந்து ஒவ்வோர் இசையும் பிறந்த இம்முறைக்கும் உருவ ஒப்புமை உண்டு. ஆனால் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. பாணன் புரவலனை அண்டி வாழ்ந்தான். கணினி இசைஞனோ சந்தையை அண்டி, பெரும்பாலும் விளையாட்டொன்றுக்கு இவ்வளவெனும் கூலிக்கு, காலக்கெடுவின் கீழ் உழைத்தான். வாய்பாடு பொதுவாயிருந்தது, விளைபொருள் முதலாளிக்குரியதாயிற்று.

4

இவ்விசை எக்கருத்துநிலையைத் தாங்கி நின்றது என்பது அடுத்த வினா. 1984இல் ஷெபீல்ட் நகரின் கிறெம்லின் கிறபிக்ஸ் நிறுவனம் ‘வோண்டட்: மொன்ரி மோல்’ எனும் விளையாட்டை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது; ஷெபீல்ட் அப்போராட்டத்தின் மையப் பிரதேசங்களுள் ஒன்று. குளிர்காலத்துக்கு நிலக்கரி தேடிச் சுரங்கத்தினுள் நுழையும் ஓர் அகழெலி விளையாட்டின் நாயகன். தொழிற்சங்கத் தலைவர் ஆதர் ஸ்காகிலின் கேலியுருவே அதன் எதிரி. போராடும் தொழிலாளரின் தலைவர் கொடுங்கோலனாகவும், நிலக்கரியைக் களவாக எடுப்பவர் குறும்புக்கார வீரனாகவும் சிறுவர் முன் வைக்கப்பட்டனர். அன்றைய பத்திரிகைகள் பரப்பிய கருத்துநிலையை விளையாட்டு அப்படியே உள்வாங்கியது. மறு ஆண்டில் வந்த அதன் தொடர்ச்சிக்கு, அதாவது ‘மொன்ரி ஒன் த றண்’ எனும் விளையாட்டுக்கு, றொப் ஹபார்ட் அமைத்த இசை இத்துறையின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பழைய பி.பி.சி. வானொலித் துப்பறியும் தொடரொன்றின் முகப்பிசையாக விளங்கிய ‘டெவில்ஸ் கலொப்’பின் பாய்ச்சலைத் தழுவி, அதனினும் விரிந்து செல்வது அவ்விசை. உள்ளடக்கத்தில் பிற்போக்கும் உருவத்தில் புதுமையும் ஒரே பண்டத்தில் இணைந்து வருதல் முதலாளித்துவ வெகுசனக் கலையின் இயல்பு. உள்ளடக்கம் ஒன்றையே நோக்கி இதனை முற்றாக நிராகரித்தல் வரட்டுவாதம்; உருவம் ஒன்றையே நோக்கி வியத்தல் உருவவாதம். முரண்பாட்டை முரண்பாடாகவே காண்பதுதான் இயக்கவியல்.

வீட்டுக் கணினி இசையில் இடம்பெறுவதற்கு முன்பே இசையின் பொருளாகவும் ஆகியிருந்தது. மேற்கு ஜேர்மனியின் கிறாவ்ற்வேர்க் குழுவினர் 1981இல் வெளியிட்ட ‘கணினி உலகம்’ எனும் இசைத்தட்டில் வீட்டுக் கணினி பற்றிய பாடலும் உண்டு. வங்கியையும் பொலிஸ் அமைப்புகளையும் பெயர்சுட்டி ஒரே வரிசையில் நிறுத்தியதன் மூலம், கணினி என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, கண்காணிப்பின் கருவியுமாகும் என்பதை அவ்விசைத்தட்டு உணர்த்திற்று. அதனை ஆக்கிய காலத்தில் தம்மிடம் கணினி ஏதும் இருக்கவில்லை என அக்குழுவினர் பின்னர் கூறினர். கருவி கைக்கு வருமுன்னரே அதன் சமூகப் பொருளைக் கலை உணர்ந்துகொண்டமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1985 ஜூலையில், நியூயோர்க்கின் லிங்கன் மையத்தில் அமிகா கணினி அறிமுகமானபோது அன்டி வார்ஹோல் மேடையில் பாடகி டெபி ஹரியின் உருவத்தை அதில் வரைந்தார். அங்கு கலைஞன் விளம்பரத்தின் உறுப்பாயினான். அவர் அமிகாவில் வரைந்த வேறு சில படங்கள் பழைய நெகிழ்வட்டுகளிலிருந்து 2014இல் மீட்கப்பட்டபோது அது உலகச் செய்தியாயிற்று. அதே கணினியில் ஆயிரக்கணக்கான இளைஞர் ஆக்கியவை அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை.

5

பேர்டோல்ட் பிறெக்ற் 1932இல் வானொலி பற்றி ஒரு கோரிக்கையை முன்வைத்தார். வானொலி விநியோகக் கருவியாக மட்டும் நில்லாது, கேட்போரும் பேசும் தொடர்புக் கருவியாக மாறவேண்டும் என்பதே அது. வோல்ட்டர் பெஞ்சமின் 1934இல் இதனை மேலும் வளர்த்து, நுகர்வோரை உற்பத்தியாளராக மாற்றும் திறனே ஓர் உற்பத்திக் கருவியின் முற்போக்குத் தன்மையை அளக்கும் கோல் என வாதித்தார். வீட்டுக் கணினியின் வரலாற்றில் இக்கோரிக்கை ஓரளவேனும் நிறைவேறிய இடமொன்று உண்டு; அது யூகோசிலாவியா.

அக்கால வீட்டுக் கணினிகள் நிரல்களைக் கசற் நாடாவில் ஒலியாகவே சேமித்தன. நிரல் என்பது கேட்கத்தக்க இரைச்சல். ஆகவே அதனை வானொலியிலும் ஒலிபரப்பலாம். பெல்கிறேட் வானொலியில் சொறான் மொட்லி நடத்திய ‘வென்றிலேற்றர் 202’ எனும் இசை நிகழ்ச்சி, பாடல்களோடு கணினி நிரல்களையும் ஒலிபரப்பிற்று. நேயர் அவற்றைக் கசற்றிற் பதிந்து தம் கணினியில் ஏற்றினர். தாம் எழுதியவற்றை அனுப்பியும் வைத்தனர். அந்நாட்டின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மேலைநாட்டுக் கணினிகளை முறையாகப் பெறுதல் கடினமாயிருந்தது. வோயா அன்ரொனிச் வடிவமைத்த ‘கலக்சியா’ எனும் கணினியின் வரைபடங்கள், 1983ஆம் ஆண்டின் இறுதியையொட்டி வந்த ஒரு சஞ்சிகைச் சிறப்பிதழில் வெளியாயின. ஆயிரக்கணக்கானோர் பாகங்களை வரவழைத்துத் தம் கைகளாலேயே அதனைப் பொருத்தினர். இங்கு பொறியின் இரகசியம் எவரதும் தனியுடைமையாகவில்லை.

பிரித்தானியாவிலும் இவ்வியல்பு சந்தைக்குள் பயன்படுத்தப்பட்டது. பீற் ஷெல்லி 1983இல் வெளியிட்ட ‘எக்ஸ்.எல்.1’ எனும் இசைத்தட்டின் முடிவில், பாடல்களுக்கு இசைவான எழுத்தையும் உருவங்களையும் திரையிற் காட்டும் ஸ்பெக்ட்ரம் நிரலொன்று பதிக்கப்பட்டிருந்தது. நுட்பம் ஒன்றே, சமூக உறவு வேறு. பெல்கிறேட்டில் அது பரிமாற்றம். இலண்டனில் அது பண்டத்தின் கூடுதற் கவர்ச்சி. தொழில்நுட்பம் தானாக எதையும் நிர்ணயிப்பதில்லை என்பதை இவ்வொப்பீடு நன்கு தெளிவுபடுத்துகின்றது.

6

1987இல் ஜேர்மனியின் கார்ஸ்ரன் ஒபார்ஸ்கி அமிகாவுக்கென ‘அல்றிமேற் சவுண்ட்ரைக்கர்’ எனும் மென்பொருளை ஆக்கினார். சந்தையில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் பிற இளைஞர் அதனைப் பிரித்து ஆராய்ந்து, திருத்தி, இலவசமாகப் பரப்பினர். அதன் வழிவந்த கோப்பு வடிவத்தின் சிறப்பு யாதெனில், சுரங்களின் வரிசையும் அச்சுரங்களுக்குரிய ஒலித்துண்டுகளும் ஒருங்கே அதனுள் இருந்தமையாகும். கேட்பவர் எவரும் அதனைத் திறந்து, எவ்வாறு ஆக்கப்பட்டதென வரிக்கு வரி காணலாம். இசைத்தட்டு தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துநிற்கும் பண்டம்; இக்கோப்போ தன் ஆக்கமுறையைத் தானே வெளிக்காட்டி நின்றது. மாக்ஸ் குறிப்பிட்ட பண்டமாயைக்கு எதிரான ஒரு கூறு இதில் உண்டென நாம் கருதுகின்றோம்.

இக்கோப்புகளைச் சூழ்ந்து ‘டெமோசீன்’ எனப்படும் இளைஞர் வட்டாரம் ஐரோப்பாவில் வளர்ந்தது. விளையாட்டுகளின் பிரதித்தடையை உடைத்தோர் தம் வெற்றியை அறிவிக்க இணைத்த சிறு இசைக்காட்சிகளே இதன் தோற்றுவாய். நெகிழ்வட்டுகள் தபாலில் நாடு கடந்தன. ஆக்கங்கள் விலையின்றிக் கைமாறின. அமிகா இசைமென்பொருளில் வளர்ந்தோருள் கல்வின் ஹரிஸ் போன்ற சிலர் பின்னர் பெருஞ்சந்தையில் புகழெய்தினர். 2007இல் வந்த அவரது முதல் இசைத்தட்டு அமிகாவிலேயே ஆக்கப்பட்டது. அற்றாரி எஸ்.ரி. கணினியின் மிடி இணைப்புவாய்கள் இளைஞரின் படுக்கையறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கின. இவ்வாறு பொதுவெளியில் உருவான வளத்தின்மீது பெருநிறுவனங்களின் கண் விழுந்தமை எதிர்பார்க்கத்தக்கதே.

இரு சம்பவங்களை இங்கு குறிப்பிடல் வேண்டும். டேவிட் விற்றேக்கர் 1984இல் கொமடோர் 64இற்கென ஆக்கிய ‘லேசி ஜோன்ஸ்’ விளையாட்டின் மெட்டொன்று, ‘சொம்பி நேஷன்’ எனும் ஜேர்மன் இசையாக்கத்தின் ‘கேர்ன்க்ராவ்ற் 400’ எனும் பாடலில் 1999இல் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டது. அது மறு ஆண்டில் பிரித்தானியத் தரப்பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. இன்று விளையாட்டரங்குகளில் இரசிகர் கூட்டம் அம்மெட்டையே முழங்குகின்றது. விற்றேக்கருக்குப் பின்னர் ஒரு தொகை வழங்கப்பட்டது.

இரண்டாவது சம்பவம் இதனினும் படிப்பினை மிக்கது. பின்லாந்தின் யன்னே சுனி அமிகாவில் ஆக்கிய ‘அசிட்ஜாஸ்ட் ஈவினிங்’ எனும் இசை, 2000இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற அசெம்பிளி விழாவின் பழைய கணினி இசைப்போட்டியில் முதலிடம் பெற்றது. நோர்வேயைச் சேர்ந்த கிளென் றூன கலெபொஸ் அதனை 2002இல் கொமடோர் 64இற்குப் பெயர்த்தார். 2006இல் வெளியான நெலி பூட்டாடோவின் ‘லூஸ்’ இசைத்தட்டில், ரிம்பலண்ட் தயாரித்த ‘டூ இற்’ எனும் பாடலில் அவ்விசை எடுத்தாளப்பட்டுள்ளது எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. சுனியிடமிருந்து உரிமையைப் பெற்ற கேர்ணல் றெக்கோட்ஸ் எனும் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2011இல் வழக்கு நிராகரிக்கப்பட்டது; 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. காரணம் யாது? எடுத்தாளப்பட்டதா இல்லையா என்பதன்று. அமெரிக்க ஆக்கம் எனக் கொள்ளத்தக்க ஒன்று வழக்குக்கு முன்னர் அந்நாட்டில் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். வெளிநாட்டு ஆக்கத்துக்கே விதிவிலக்கு. அவ்விசை முதலில் எங்கு, எவ்வாறு வெளியிடப்பட்டது? அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வட்டுச் சஞ்சிகையொன்றிலா? இணையத்தின் வழியே எல்லா நாடுகளிலும் ஒரே கணத்திலா? வாதங்கள் இவ்வினாக்களைச் சுற்றியே சுழன்றன. வெளிநாட்டு ஆக்கம் என்பது நிறுவப்படவில்லை என்ற அளவில் வழக்கு முடிந்தது.

இத்தீர்ப்பை நீதிபதிகளின் குறையாகக் காண்பது தவறு. சட்டம் தனது தருக்கப்படியே இயங்கியது. அதன் தருக்கமோ தனியுடைமையின் தருக்கம். எல்லோருக்குமாக விலையின்றி வெளியிடப்பட்டது என்பதே, சட்டத்தின் கண்ணில் அவ்வாக்கத்தின் பலவீனமாயிற்று. வேலிபோட்டவனுக்கே காணி, வேலிபோடாது ஊருக்கு விட்டவன் உரித்தை நிறுவவியலாது நிற்கின்றான். இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் நிலங்கள் அடைக்கப்பட்ட வரலாற்றைப் படித்தோருக்கு இது புதிதன்று.

7

இவ்வாறு கூறுமிடத்து, அவ்வட்டாரத்தை இலட்சியச் சமூகமாக நாம் சித்திரிக்கவில்லை. அதில் ஆண்களே பெரும்பான்மையினர். டண்டியில் பாகங்களைப் பொருத்திய பெண்களுக்கும் அப்பாகங்களில் இசையமைத்த ஆண் இளைஞருக்கும் இடையிலான வேலைப்பிரிவினையை அவ்வட்டாரம் கேள்விக்குட்படுத்தவில்லை. போட்டியும் புகழாசையும் அதன் உயிர்நாடியாயிருந்தன. விலையின்றிப் பகிர்ந்தோர், பகிர்வை ஓர் அரசியற் கோரிக்கையாக வளர்க்கவில்லை. எனவே நிறுவனங்கள் நெருங்கியபோது கூட்டாக எதிர்கொள்ள இயலாது தனித்தனியே நின்றனர்.

இன்று நிலைமை மேலும் மாறியுள்ளது. பின்லாந்து 2020இல் டெமோசீனைத் தனது தேசியப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஜேர்மனியும் போலந்தும் 2021இல் அவ்வாறே செய்தன. தன்னார்வலர் திரட்டிய கொமடோர் இசைத்தொகுப்பொன்றில் 50,000இற்கும் மேற்பட்ட ஆக்கங்கள் பேணப்படுகின்றன. இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆயினும் மறுபுறத்தில், 2018இல் பழைய கணினியின் சிற்றுருவம் பழமையேக்கப் பண்டமாகச் சந்தைக்கு வந்தது. அதன் விசைப்பலகை வெறும் அலங்காரம், விசைகள் இயங்குவதில்லை. எழுதுவதற்கென இருந்த கருவி, விளையாடுவதற்கு மட்டுமான பொம்மையாக மீண்டு வந்தது. பழமையேக்கத்தின் கருத்துநிலைக்கு இதனினும் சிறந்த குறியீட்டைக் கற்பனை செய்தல் கடினம்.

குறைபாடே படைப்பாற்றலின் தாய் எனும் கூற்றையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். மேலைநாட்டு அழகியலாளருக்கு இது இனிய முரண். வளமின்மையை நாளாந்தம் அறிந்த நாடுகளில் வாழும் எமக்கோ இது ஆபத்தான போதனை. இல்லாமையைப் புகழும் அழகியல், இல்லாமையைத் தோற்றுவித்தோரை விடுதலை செய்துவிடுகின்றது. ஹபார்ட்டும் கோல்வேயும் சிறந்த இசை தந்தமைக்குக் காரணம் மூன்று குரல்களே இருந்தமை அன்று. பொறியின் அடிவரை சென்று பார்க்கும் வாய்ப்பு, கற்றதைப் பிறரிடமிருந்து பெறும் வாய்ப்பு, பிழைவிட்டு மீண்டும் முயலும் ஓய்வு ஆகியன அவர்களுக்கு இருந்தன. எல்லை அல்ல, எல்லையை அறிந்து மீறும் உரிமையே படைப்பாற்றலின் நிபந்தனை. இவ்வுரிமை இல்லாதவிடத்து மூன்று குரல்கள் வெறும் மூன்று குரல்களே.

8

வெகுசன இசையைக் கேட்போரின் செவி பின்னடைந்துவிட்டதென அடோர்னோ 1938இல் எழுதினார். அவரது கண்டனம் பண்டமாகிய இசையைப் பற்றியதென்ற அளவில் இன்றும் வலுவுடையது. ஆனால் கேட்பவனே ஆக்குபவனாகும் நிலைமையை அவரது கோட்பாடு கருத்திற்கொள்ளவில்லை. வீட்டுக் கணினியின் இசை அந்நிலைமையின் குறுகிய, முரண்பாடு நிறைந்த, ஆயினும் மெய்யான ஒரு வரலாற்றுக் கணம். கொமடோர் நிறுவனம் 1994இல் வங்குரோத்தாகியது. பொறிகள் மறைந்தன, அவற்றில் கற்றுக்கொண்ட பழக்கம் எஞ்சியது.

இன்று எமது கைகளிலுள்ள தொலைபேசி, கொமடோர் 64இனும் அளவிடற்கரிய ஆற்றல் கொண்டது. அதில் இசை தடையின்றி வழிந்தோடுகின்றது. ஆனால் அவ்விசையைத் திறந்து பார்க்க இயலாது. பொறியின் உள்ளே நுழையவும் பெரும்பாலும் அனுமதியில்லை. உற்பத்திச் சக்திகள் வளர்ந்துள்ளன. உற்பத்தியாளனாகும் வாய்ப்பு அதற்கேற்ப வளரவில்லை. ஆகவே முற்போக்கு விமர்சனம் இத்துறையில் எழுப்பவேண்டிய வினா, பழைய ஒலி இனிமையானதா என்பதன்று. கருவி யாருடையது, அதனைத் திறக்கும் உரிமை யாருக்குண்டு, பொதுவில் ஆக்கியதன் பயன் யாரைச் சேர்கின்றது என்பனவே வினாக்கள். இவற்றை எழுப்பாத இசை விமர்சனம் எத்துணை நுட்பமானதாயினும், மெட்டை மட்டும் கேட்டு, அதை ஆக்கிய கையைக் காணாது போய்விடும்.